வாரிசில் இல்லாதவர்

கமலக்கண்ணன் செத்து இரண்டு வருஷம் ஆகியும் அவனுக்குத் தபால் வருவது நிற்கவில்லை. மின்சார பில் அவன் பெயரில். கடை உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லி நகராட்சி எழுதுவது அவனுக்கு. கோயில் திருவிழாப் பத்திரிகையில் உபயதாரர் வரிசையில் அவன் பெயர். கடை போனில் கூப்பிடுகிறவர்கள் இன்னும் "கமல் அண்ணனா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். அவனைப் பெற்ற சக்கரபாணி உயிரோடு, அதே வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு கடுதாசியும் வருவதில்லை.

மூலக்குளத்திலிருந்து உழவர்கரைப் பக்கம் திரும்புகிற தெருவில் இருந்தது கமல் வாடகை நிலையம். முன்னால் கடை, பின்கட்டில் கிடங்கு, மாடியில் வீடு. நாற்காலி, ஜமக்காளம், சமையல் பாத்திரம், சாமியானா, இவற்றோடு ஐஸ் பெட்டி. பிணத்தை வைக்கிற, கண்ணாடி மூடி போட்ட குளிர்ப்பெட்டி. கல்யாணச் சாமான் முன்பக்கம் பளபளப்பாக அடுக்கியிருக்கும். பெட்டிகள் பின்கட்டில் சாக்குப் படுதாவுக்கு அந்தப் பக்கம். வளையல் கைகள் வந்து அண்டாவைத் தட்டிப் பார்க்கும்போது அது கண்ணில் படக்கூடாது என்பது சக்கரபாணியின் வியாபார ஞானம்.

அந்த ஞானத்தில்தான் அவர் ஒரு காரியம் செய்தார். பெட்டி இறக்கப் போன வீடுகளில் அவர் பார்க்காத கூத்து இல்லை. அப்பன் உடம்பு ஆறுவதற்குள் அண்ணன் தம்பி சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். பிணத்தின் கட்டைவிரலில் மை தடவ ஒருத்தன் வந்ததைக்கூட அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். "நம்ம ஊட்டுல இந்த அசிங்கம் கூடாது" என்று, கால் திடமாக இருக்கும்போதே எல்லாவற்றையும் பிரித்துவிட்டார். இளையவன் அன்பழகனுக்கு லாஸ்பேட்டையில் வீடு. பெரியவன் கமலக்கண்ணனுக்குக் கடையும் கடைக்கு மேலிருந்த வீடும். முறையாகப் பதிவு செய்து கொடுத்தார். தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு கரண்டி குறைந்தாலும் கல்யாண வீட்டுக்குத் திரும்ப ஆளனுப்புகிற மனுஷன், பெற்ற பிள்ளையிடம் மட்டும் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை.

அவர் போட்ட கணக்கில் ஒரே ஒரு தப்பு. வரிசைப்படிதான் சாவார்கள் என்று நம்பிவிட்டார்.

கார்த்திகை மழையில், ரெட்டியார்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த கமலக்கண்ணன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தானே விரித்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. சொந்தக் கடைப் பெட்டியிலேயே அவனை வைத்தார்கள். எல்லாம் முடிந்து பெட்டி கடைக்குத் திரும்பியதும் சக்கரபாணி அதன் ஒயரைச் சுவரில் மாட்டினார். அன்று முதல் அந்தப் பெட்டி வாடகைக்குப் போகவில்லை. காலியாக, பின்கட்டில், இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் வரும்போது மட்டும் ஒரு கணம் திணறி, தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் போட்டு, மறுபடி ஓடும். அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருப்பார். கிடங்கில் எல்லோரும் அந்த இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்திப் பேசிப் பழகிவிட்டார்கள்.

கடையை நடத்தியது கமலக்கண்ணன் பெண்டாட்டி சரிதா. மகள் அபியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினால், பொழுது சாய்கிறவரை கடைதான். உரிமத்தையும் பேங்க் கணக்கையும் மாற்ற வேண்டும் என்று அவள்தான் வாரிசு சான்றிதழுக்கு எழுதிப் போட்டாள். வந்ததும், மாமனார் மாமியாரை அழைத்துக்கொண்டு பத்திர எழுத்தர் குமாரவேலிடம் போனாள். குமாரவேல் அறையைப் பழைய ஆட்கள் இன்றும் நொத்தேர் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் பத்திரம் பதிகிற நொத்தேர் அங்கே உட்கார்ந்திருந்தார் என்று பேச்சு. இப்போது ஒரு கம்ப்யூட்டரும், அதன் தலையில் ஒரு பிள்ளையாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"மனைவி சரிதா, மகள் அபி, தாயார் அஞ்சலாட்சி" என்று படித்து நிறுத்தினார் குமாரவேல்.

"அப்புறம்?" என்றார் சக்கரபாணி.

"அவ்ளோதாங்க."

"அடுத்த பக்கம் திருப்பிப் பாருப்பா."

"ஒரே பக்கந்தாங்க."

"பெத்த அப்பன் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்துனு இருக்கேன். என் பேரு எங்க?"

குமாரவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட சேதி சொல்லும்போது எதிராளி முகம் மங்கலாகத் தெரிவது அவருக்கு வசதி. "சட்டம் அப்படிங்க. ஆம்பளப் புள்ள உயில் எழுதாம போயிட்டா, பொண்டாட்டி, புள்ளைங்க, அம்மா. இவங்களுக்குத்தான் மொத உரிமை. இவங்க யாருமே இல்லன்னாதான் அப்பாகிட்ட வரும்."

"ஏன், இவ ஒருத்தியேவா பெத்தா?"

"அத என்னைக் கேட்டா நான் என்னாங்க சொல்லுவேன்?"

அஞ்சலாட்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா, வேறு எதுவா என்று சொல்ல முடியாது.

"நான் குடுத்த சொத்துய்யா அது."

"குடுத்துட்டீங்க இல்ல. வித்த சரக்கு மாதிரிதான். இப்ப மூணு பங்கு. மருமவளுக்கு ஒண்ணு, பேத்திக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு."

சக்கரபாணி பிள்ளையார் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "அப்ப, நான் மொதல்ல செத்துட்ட மாதிரியும், அவன் இருக்கற மாதிரியும் கணக்கு."

குமாரவேல் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து பெரியவர் நடையே மாறிப்போனது. மாடிப்படியில் சத்தம் வராமல் ஏறினார். சாப்பிட உட்காரும்போது தட்டைத் தானே எடுத்து வந்தார். ஃபேன் போடலாமா என்று பேத்தியைக் கேட்டார். அபி பயந்துபோய் அம்மாவிடம் ஓடினாள். "அம்மா, தாத்தா யாரோ மாதிரி இருக்காரும்மா."

சேதி லாஸ்பேட்டைக்கு எட்டியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்பழகன் ஒரு பை வஞ்சிரத்தோடு வந்தான். அண்ணன் செத்த பிறகு அவன் மீனோடு வருவது அதுதான் முதல் தடவை. அஞ்சலாட்சிக்கு மீனைக் கழுவும்போதே விஷயம் புரிந்துவிட்டது.

குழம்பு கொதித்தது. அன்பழகன் சமையல்கட்டு வாசலில் சாய்ந்து நின்றான்.

"யம்மா, உன் பங்க எம்பேருக்கு எழுதிடு. புதன்கிழம போனா முடிஞ்சிரும்."

"எதுக்குடா?"

"எதுக்கா? ஆம்பளப் புள்ள ஒருத்தன் கையில இருந்தாதாம்மா பிடி. அண்ணி சின்ன வயசு. நாளைக்கு ஒருத்தனக் கட்டிக்கினா கடை எவன் கைக்குப் போவும்? நம்ம எல்லாரும் நடுத்தெருவுல சாமியானா போட்டுக்கினு உக்காரணும்."

அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த சரிதா கையை நிறுத்தவில்லை. "சாமியானா நம்ம கடையிலயே இருக்குங்க. வாடகை குடுத்துட்டு உக்காருங்க" என்றாள்.

"பாத்தியா? வாயப் பாத்தியா?"

"பங்கு உன் கைக்கு வந்தா என்னா பண்ணுவ?" என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

"பிரிச்சுக்கலாம். அப்பார்ட்மென்ட் கட்டறவங்க ரெண்டு பேரு அந்த எடத்தக் கேட்டுக்கினு இருக்காங்க. அண்ணிக்கும் கையில காசு வரும்."

"கடை?"

"கடை என்னாம்மா கடை. எவ்ளோ நாளைக்குப் பொணப்பெட்டி வாடகைக்கு உடறது?"

"உன்னப் படிக்க வச்சது அந்தப் பொட்டிதான்டா."

கூடத்திலிருந்து சக்கரபாணி குரல் வந்தது. "ஏமே, அவன் கேக்கறத எழுதிக் குடுத்துடு. அவன் பேர்ல இருந்தா நான் ஒரு வார்த்த சொல்ல முடியும். அந்தப் பெட்டியத் தொடமாட்டேன்னு எங்கிட்டச் சத்தியம் பண்ணியிருக்கான்."

சரிதாவின் கை அப்போதுதான் நின்றது. அவள் மாமியாரைப் பார்த்தாள். தன் பங்கும் மகள் பங்கும் சேர்ந்தாலும், அந்த மூன்றாவது பங்கு கைமாறினால் இடம் துண்டாகும், கடை போகும். அது சமையல்கட்டில் இருந்த மூவருக்குமே தெரியும்.

அஞ்சலாட்சி கரண்டியால் குழம்பை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். "புளி பத்தல" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே மழை. கடலில் எங்கோ புயல் சின்னம் கட்டியிருந்தது. தெரு முழங்காலளவு ஓடியது. மழைக்காலத்தில் வயசானவர்கள் வரிசையாக விழுவார்கள் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும். இருந்த பெட்டிகள் எல்லாம் வெளியே போய்விட்டன. கோரிமேட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஒன்று, வில்லியனூரில் ஒன்று, திரும்பி வர வேண்டியது வெள்ளத்தில் மாட்டி நின்றது. மத்தியானம் நோணாங்குப்பத்திலிருந்து போன் வந்தது. படகுத்துறையில் படகு ஓட்டுகிறவர் ஒருவரின் தாயார், தையல்நாயகி. விடிகாலையில் போய்விட்டாள். மகள் தூத்துக்குடியிலிருந்து வந்தாக வேண்டும்.

சரிதா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள். பிறகு படுதாவை விலக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். வண்டி ஓட்டுகிற ஹரிகிருஷ்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தான்.

"மாமா, கொஞ்சம் எந்திரிங்க."

"எதுக்கு?"

"பெட்டி போவணும்."

"வேற பெட்டி பாரு."

"எல்லாம் வெளிய இருக்கு மாமா."

"அப்ப இல்லன்னு சொல்லிடு."

"ரெண்டு வருசமா அப்படித்தான் சொல்லினு இருக்கேன். இன்னிக்கு முடியாது. அந்தம்மாவுக்கு மவ வரணும். நாளைக்கு வரிக்கும் தாங்காது."

"என் புள்ள உள்ள இருக்கான்" என்றார் சக்கரபாணி.

ஹரிகிருஷ்ணன் ஓரடி பின்னால் நகர்ந்தான். வண்டியில் எத்தனையோ பிணத்தோடு போனவன். ஆனால் இது வேறு. சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த அஞ்சலாட்சி படியிலேயே நின்றாள்.

சரிதா குனிந்து கண்ணாடி மூடியைத் தூக்கினாள். வெள்ளையாகக் குளிர் வழிந்து அவள் பாதத்தில் இறங்கியது. "பாருங்க மாமா. யாரும் இல்ல."

அவர் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

"எனக்கு மட்டும் கேக்கலன்னு நெனச்சீங்களா? கரண்ட் போயி திரும்ப ஓடறப்ப, அவரு தொண்டையச் செருமற மாதிரியேதான் இருக்கு. பேச்ச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி செருமுவாரே, அதே மாதிரி. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாக்கறேன். பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னு பில்லு போடறேன். திரும்பவும் கரண்ட் போவுது. திரும்பவும் பாக்கறேன். எவ்ளோ நாளைக்கு மாமா?"

  மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அஞ்சலாட்சி படியிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல், சுவரிலிருந்த ஒயரைப் பிடுங்கினாள்.

பெட்டி நீளமாக ஒரு மூச்சு விட்டு நின்றது. அதற்குப் பிறகுதான் ஓட்டின் மேல் மழை விழுகிற சத்தம் அந்தக் கிடங்கில் கேட்டது.

"ஹரி, தூக்கு. நானும் வண்டியில வரேன்" என்றாள்.

வண்டி அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டியது. ஹரிகிருஷ்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. "பெரியம்மா மொத மொதல்ல நம்ம வண்டியில ஏறியிருக்காங்க. எலுமிச்சம்பழம் வச்சி எடுத்திருக்கணும்" என்றான். யாரும் சிரிக்காததால் வைப்பரை வேகமாகப் போட்டான்.

நோணாங்குப்பத்தில் முகத்துவாரத்துத் தண்ணீர் படகுக்காரர் வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டிருந்தது. சரிதா முதலில் பார்த்தது பிணத்தை அல்ல, சுவரில் இருந்த பிளக்கை. டெஸ்டரை வைத்துப் பார்த்தாள், இன்னொரு பிளக்கைப் பார்த்தாள். தண்ணீர் உள்ளே வந்தால் என்ன செய்வது என்று பெட்டியின் நாலு காலுக்கும் செங்கல் கேட்டு வாங்கினாள். கிழவியை உள்ளே வைத்த பிறகு, கண்ணாடியின் உள்பக்கம் பனி பிடிக்காமல் துணியால் துடைத்தாள். வருகிறவர்களுக்கு முகம் தெரிய வேண்டும். அந்த வீட்டு மருமகளைத் தனியாக அழைத்து, "பொட்டு எவ்ளோ பெருசு வப்பாங்க?" என்று கேட்டாள். அந்தப் பெண் அதுவரை அழாமல் இருந்தவள், கட்டைவிரலைக் காட்டிவிட்டு உடைந்து அழுதாள். சரிதா அந்த அளவில் குங்குமம் வைத்தாள்.

"கமலு வரலியா?" என்று படகுக்காரர் கேட்டார்.

"அவரு இல்லீங்க. நான்தான் பாக்கறேன்."

"ஊருக்குப் போயிருக்காரா?"

"இல்லீங்க. செத்துட்டாரு."

அஞ்சலாட்சி அந்தச் சொல்லை அந்த வீட்டு வாசலில் நின்று கேட்டாள். தன் வீட்டில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. மூவரும் பேசாமல் வண்டியில் ஏறினார்கள்.

திரும்பும் வழியில் அஞ்சலாட்சி கேட்டாள்: "நீ வேற கல்யாணம் பண்ணிக்குவியா?"

ஹரிகிருஷ்ணன் ரோட்டை மிகவும் கவனமாகப் பார்த்து ஓட்டினான்.

"தெரியல அத்தை" என்றாள் சரிதா. ஒளிக்கவில்லை.

"பண்ணிக்கினா கடைய உட்டுடுவியா?"

"கடைய எதுக்கு உடணும்? வரவன் நாற்காலி தூக்கட்டும்."

அஞ்சலாட்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் கண் நிற்கவில்லை. முருங்கப்பாக்கம் தாண்டியதும், "அந்தக் குமாரவேல் நம்பர் இருந்தா போட்டுக் குடு" என்றாள்.

புதன்கிழமை மழை தூறலாக இறங்கியிருந்தது. பதிவு அலுவலகத்தில் நனைந்த குடைகளும் ஈர வேட்டிகளும். அன்பழகன் வெள்ளைச் சட்டை போட்டு முன்னதாகவே வந்து இடம் பிடித்திருந்தான். குமாரவேல் கையிலிருந்த பத்திரத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. அதில் அவன் பெயர் இல்லை.

"என்னாம்மா இது?"

"என் பங்கு சரிதாவுக்கும் அபிக்கும். பெரியவன் பங்கு, அவன் பொண்டாட்டி புள்ளைக்குப் போவுது."

"அப்ப நான் புள்ள இல்லியா?"

"உனக்குத்தான் லாஸ்பேட்ட ஊடு இருக்கு இல்ல. அன்னிக்கு அந்த ஊட்ட அவன் கேட்டானாடா உங்கிட்ட?"

"அப்பா, சொல்லுப்பா!" என்று அன்பழகன் திரும்பினான். சக்கரபாணி பெஞ்சின் ஓரத்தில், இடத்தை அடைக்காமல் உட்கார்ந்திருந்தார். "என்னை ஏன்டா கேக்கற? நான் எதுலயும் இல்ல."

அன்பழகன் போனான். போகும்போது யாருடைய குடையையோ எடுத்துக்கொண்டு போனான்.

"இருக்கீங்க" என்று புருஷனிடம் சொன்னாள் அஞ்சலாட்சி. "படிங்க குமாரவேலு."

குமாரவேல் படித்தார். காலஞ்சென்ற கமலக்கண்ணனின் தகப்பனார் சக்கரபாணி தன் ஆயுள் பரியந்தம் மேற்படி வீட்டில் குடியிருக்கவும், அவரை யாரும் எக்காரணம் கொண்டும் வெளியேற்றக் கூடாது எனவும், இதற்கு சரிதாவும் சம்மதித்துக் கையொப்பமிடுவதாகவும் அதில் இருந்தது. பெரியவரும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் நாளைக்கு ஒரு தகராறும் வராது என்றார்.

சக்கரபாணி பத்திரத்தை வாங்கி, உதடு அசையப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இந்த வார்த்தைய எடு."

"காலஞ்சென்ற-ங்கறதா? எடுத்தா பத்திரம் நிக்காதுங்க. அவரு செத்ததாலதான் பங்கே வருது."

"சரி, இருக்கட்டும். எதுக்கு அஞ்சு எடத்துல?"

"பேரு வர எடத்துல எல்லாம் வரணுங்க."

"ஒரு எடம் போதும். அத வச்சிக்கினு மிச்சத்த எடுத்துடு."

"முடியாதுங்க. கொறஞ்சது மூணு வேணும்."

"ஒண்ணு."

"ஐயா..."

"ரெண்டு. அதுக்கு மேல கேக்காத." அவர் விரல் இன்னும் அந்தச் சொல்லின் மேலேயே இருந்தது. "ரெண்டுக்கு மேல என்னால ஆவாதுய்யா."

குமாரவேல் அஞ்சலாட்சியைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், முதலிலும் முடிவிலும் மட்டும் வைத்து, நடுவில் மேற்படியார் என்று மாற்றி அடித்துக்கொண்டு வந்தார். உள்ளே அதிகாரியம்மாள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்: "யாரும் வற்புறுத்தி எழுதலியே?"

"வற்புறுத்துனாங்கம்மா. அதான் இப்படி எழுதச் சொன்னேன்" என்றாள் அஞ்சலாட்சி. அவள் விரலை மெஷினில் வைத்தாள். சரிதா வைத்தாள். கடைசியாகச் சக்கரபாணி கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்ததும் பேனாவை மூடாமல் அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

ஆட்டோவில் மூவரும் வீடு வந்தார்கள். சரிதாவும் அஞ்சலாட்சியும் உள்ளே போய்விட்டார்கள். பெரியவர் வாசல் கேட்டிலேயே, தூறலில் நின்றார்.

"உள்ள வாங்க மாமா, நனையறீங்க" என்றாள் சரிதா.

"அஞ்சல" என்று கூப்பிட்டார். "ஒரு கொடம் தண்ணி கொண்டா."

"உள்ள வந்து குடிங்களேன்."

"குடிக்க இல்ல."

அஞ்சலாட்சி அவரையே பார்த்தாள். சுடுகாட்டுக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் இரண்டு வருஷத்துக்கு முன் இந்தக் கேட்டருகே தலைமுழுகிவிட்டுத்தான் படியேறினார்கள். இவர் மட்டும் தலைமுழுகாமல் நேராகக் கிடங்குக்குப் போனார். அவள் உள்ளே போனாள். குடத்தை எடுத்து வந்தாள். அவர் சட்டையைக் கழற்றிக் கேட்டின் மேல் போட்டுவிட்டு, வாய்க்கால் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். அவள் ஊற்றினாள்.

எதிர்ச் சாரியில் பூக்கடை வைத்திருக்கிற தனக்கொடி பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னாங்க பெரியவரே, மழையில குளிக்கறீங்க? எங்கனா சாவுக்குப் போயிட்டு வரீங்களா?"

அவர் முகத்திலிருந்த தண்ணீரை வழித்தார்.

"ஆமாம்மா" என்றார். "எங்க பெரியவன் செத்துட்டான்."

தனக்கொடி கையிலிருந்த பூவைக் கீழே வைத்தாள். குடம் காலியாகியிருந்தது. சரிதா அடுத்த குடத்தோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தாள்.